சலித்த மண் கொட்டும் இடம்

நானும் என் மனைவி சோம்வதியும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வோம். இரண்டும் கோட்டை மேட்டின் கம்பிவேலிக் கதவில். காலையில் அவள் உள்ளே வருவாள், நான் வெளியே போவேன். சாயங்காலம் நான் உள்ளே வருவேன், அவள் வெளியே போவாள். வீட்டுச் சாவி கை மாறும். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

நான் இரவுக் காவல். அவள் பகல் கூலி, தொல்லியல் துறைக்காரர்கள் தோண்டிய மண்ணைச் சுமக்கிற வேலை. பரேலியில் பி.ஏ. இரண்டாம் வருடத்தோடு நான் படிப்பை விட்டேன். ஏன் விட்டாய் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. இரவில் விழித்திருக்க எனக்குத் தெரியும். அதற்கு இந்த வேலை போதும்.

மேடு எங்கள் ஊருக்கு மேற்கே, கடுகு வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. மேலெல்லாம் உடைந்த செங்கல், இலந்தை முள், நரிப் பொந்து. ஊரில் பாதி வீடுகள் அதன் செங்கல்லில் கட்டியவைதான். ஏதோ ராஜாவின் நகரமாம், சுற்றிலும் மதிலாம். தோண்டுவது குற்றம் என்று நீலப் பலகை நான் பிறப்பதற்கு முன்பே நட்டுவிட்டார்கள். நாங்கள் தோண்டிக்கொண்டுதான் இருந்தோம். பெரியவர்கள் செத்தால் ராம்கங்கைக் கரையில் எரிப்போம். பல் முளைக்காத குழந்தை செத்தால் எரிப்பதில்லை. மேட்டின் மேற்குச் சரிவில் புதைப்போம். ஆண்கள் மட்டும் போவோம். அடையாளம் வைப்பதில்லை. திரும்பி வந்து இடத்தைச் சொல்வதில்லை. பெற்றவளும் கேட்க மாட்டாள். கேட்டால் அடுத்ததும் தங்காது என்பார்கள்.

அன்று சாயங்காலம் நான் கதவுக்கு வந்தபோது சோம்வதி சாவிக்குக் கை நீட்டாமல் நின்றாள்.

"ஏங்க, மேற்குக் குழியில ஒரு பானை வந்திருக்கு. இவ்ளோ பெருசு. வாயில செங்கல் வெச்சு மூடியிருக்கு. எல்லாரும் வேலையை விட்டுட்டு அங்கதான் நிக்கிறாங்க."

"மேற்குக் குழி அந்த ஓரம் வரைக்கும் வராதுன்னாங்களே?"

"மதிலோட வெளிப்பக்கம் பாக்கணும்னு சார் நீட்டச் சொல்லிட்டாரு. நேத்தே முள்ளெல்லாம் வெட்டியாச்சு." அவள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "பையனுக்குச் சளி. நான் போறேன்."

போய்விட்டாள். நான் குழிக்குப் போனேன்.

தோண்டும் வேலைக்குத் தலைவர் சக்சேனா சார் மேலே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குழியைப் பார்த்துக்கொள்கிற ஆராய்ச்சி மாணவி இஷிதா மேடம் கீழே முட்டி போட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களின் மேஸ்திரி ஜமீல் பாய். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"புதையல்தான் மேடம். என் பங்குல ஒரு எருமை வாங்குவேன். பால் பூரா உங்களுக்கு."

"எருமைக்கும் நம்பர் போட்டு டப்பாவுல அடைச்சிடுவேன், பாய்."

நான் செங்கல்லைப் பார்த்தேன். முழங்கை நீளம், பழைய காலத்துச் செங்கல். அதன் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்த மூலையை உடைத்தது என் மண்வெட்டி.

ஒன்பது வருடம் ஆகிறது. மழைக்காலம். விடிந்தும் விடியாமலும் இருந்தது. அண்ணன் என் குழந்தையைக் கோணிக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றான், நான் வெட்டினேன். சரிவில் எங்கே வெட்டினாலும் செங்கல் இடறியது. ஓர் இடத்தில் மண் லேசாக இருந்தது. வெட்டினால் உள்ளே ஒரு பானையின் வாய். பாதிக்கு மேல் மண் அடைந்திருந்தது. கையால் அள்ளி வெளியே போட்டேன். இதுக்குள்ள வெச்சா நரி எடுக்காதுடா என்றான் அண்ணன். எனக்கும் அது சரி என்று பட்டது. சோம்வதியின் பழைய நூல் சேலைத் துண்டில் சுற்றியிருந்தோம். உப்பு போட்டோம். தொப்புளில் ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் கிளிப் அப்படியே இருந்தது. கொடி காய்ந்து விழுகிற வரை கூட அது உயிரோடு இல்லை. கிளிப்பை எடுக்கட்டுமா என்று கேட்டேன். விடு என்றான். பக்கத்தில் கிடந்த செங்கல்லை மூடி வைத்து மண்ணைத் தள்ளினேன். பெண் குழந்தை. பெயர் வைக்கிற ஆறாம் நாள் வரவில்லை, அதனால் பெயர் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பையன்கள். இருக்கிறார்கள். அண்ணன் லூதியானாவுக்குப் பிழைக்கப் போய்விட்டான்.

"சார், பானையைச் சுத்தி மண்ணு லூஸா இருக்கு. மத்த இடம் மாதிரி இறுகல" என்றாள் இஷிதா.

"எலி. ரெண்டாயிரம் வருஷமா எலிங்க சும்மாவா உக்காந்திருக்கும்? நாளைக்குக் காலையில நல்ல வெளிச்சத்துல திறப்போம். உள்ள எலும்பு இருந்தா அப்படியே பெட்டியில போட்டு லக்னோவுக்கு அனுப்பணும்." சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்ரபால், இன்னைக்கு நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"சரி சார்."

நகரவில்லை. இரவு முழுக்கக் குழியின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செங்கல்லைத் தூக்க ஒரு நிமிடம் ஆகாது. கிளிப்பை மட்டுமாவது எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. பயமா என்றால் அது இல்லை. துக்கமா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. கிளிப் யார் கண்ணிலும் படாவிட்டால் எலும்பு பெட்டியில் ஏறி லக்னோ போய்விடும். ராஜா காலத்துக் குழந்தை என்று ஏதாவது எழுதி வைப்பார்கள். சோம்வதிக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று விடியும்போது தோன்றியது. அதற்காக நான் செய்தது ஒன்றும் இல்லை.

காலையில் பனி கனமாக இறங்கியிருந்தது. சோம்வதி கதவில் சாவியைக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"போகலையா?"

"சார் இருக்கச் சொன்னாரு." அவர் சொல்லவில்லை.

"ராத்திரி பூரா முழிச்சிட்டு இன்னும் என்ன காவல்? ரொட்டி துணியில சுத்தி வெச்சிருக்கேன். பத்துவா கீரை இருக்கு. ஆறிடும்."

"இன்னைக்கு உனக்கு எங்க வேலை?"

"சல்லடையில. புஷ்பாவுக்குக் காய்ச்சலாம்."

"வேற எடம் கேளேன்."

"ஏன்? நின்ன இடத்துல வேலை. தலைச்சுமை இல்ல. இதுக்குன்னு எல்லாரும் அடிச்சிக்கிறாங்க, நீங்க என்னடான்னா." அவள் ஷாலைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சல்லடை குழியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தூரத்தில், மூன்று கழி நட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. குழியிலிருந்து வரும் மண்ணை அதில் கொட்டி ஆட்டுவார்கள். சல்லடையில் தங்குகிற மணி, ஓடு, எலும்பு எல்லாம் தட்டுக்குப் போகும். கீழே விழுந்த மண்ணைப் பெண்கள் இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டுபோய் வேலியோரத்தில் கொட்டுவார்கள். அங்கே அது ஒரு தனி மேடாக வளர்ந்துவிட்டது.

பனி விலகியதும் திறந்தார்கள். ஜமீல் பாய் 'பிஸ்மில்லா' சொல்லிச் செங்கல்லைத் தூக்கினார். உள்ளே பாதி வரைக்கும் மண். மேல் மண்ணை இஷிதா சின்னக் கரண்டியால் எடுத்துச் சட்டியில் போட்டாள், சட்டி சல்லடைக்குப் போனது. பிறகு பிரஷ். பிறகு அவள் கை நின்றது.

"கோழி எலும்பு மாதிரி இருக்கே மேடம்" என்றார் ஜமீல் பாய். "ராஜா தின்னுட்டுப் போட்டதா?"

"கோழி இல்ல பாய். தலை இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "பச்சைக் குழந்தை" என்றாள்.

வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குழி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் பார்த்தேன். அரைத் தேங்காய் அளவு கூட இல்லாத ஒரு மண்டை ஓடு, நாலைந்தாக விண்டு கிடந்தது. அது என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான். துணி மக்கிப் போயிருந்தது. வயிற்றுப் பக்கத்து மண் அப்போதுதான் சட்டியில் போய்க்கொண்டிருந்தது. நான் சட்டியோடு கண்ணைத் திருப்பினேன்.

சோம்வதி மண்ணை வாங்கிச் சல்லடையில் கொட்டி ஆட்டினாள். ஆட்டினாள். நிறுத்தினாள்.

எதையோ பொறுக்கினாள். ஓடு கிடைத்தால் விரலால் துடைத்துத் தட்டில் போடுவாள். இதைக் கட்டை விரலால் துடைத்தாள், போடவில்லை. வெள்ளையாக இருந்தது பழுப்பாகியிருந்தது. பல்லுப் பல்லாக இருக்கும் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குழந்தை கிடந்த கட்டிலை விட்டு அவள் எழுந்திருக்கவேயில்லை. அந்தக் கிளிப்பை அவள் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

அவள் குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தூங்கப் போகாமல் கையில் சாவியோடு நான் நிற்கிற நிலையே அவளுக்குச் சொல்லியிருக்கும். விரல்களை மூடிக்கொண்டாள். மூடிய கை ஒரு பக்கம், மறு கையால் சல்லடையை மறுபடி ஆட்ட ஆரம்பித்தாள்.

ஆக, அவளும் சொல்லப் போவதில்லை. சரி என்று நினைத்தேன். பெட்டியில் போகட்டும்.

சக்சேனா சார் குழிக்குள் இறங்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவருடைய கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"இப்பவே முடிவா சொல்லக் கூடாது. ஆனா மதிலோட உடம்புக்குள்ள, பானையில வெச்சு, மேல செங்கல் மூடி. இது சும்மா புதைச்சது இல்ல. மதில் விழாம நிக்கணும்னு பலி குடுத்திருக்கலாம்."

"பலியா? உயிரோடயா சார்?" என்றார் ஜமீல் பாய்.

"இருக்கலாம்."

"அடப்பாவிங்களா. பெத்தவன் என்ன ஜென்மமோ. புள்ளையைச் சுவத்துல வெச்சுட்டு வீட்டுக்குப் போய் ரொட்டி தின்னுருப்பான்."

தின்றேன்தான். அன்றைக்கு அண்ணி சுட்டுக் கொடுத்தாள். நாலு தின்றேன்.

"அவனை விடு பாய். ஆத்தாக்காரி எப்படி விட்டா?" என்றாள் மண் சுமக்கிற ஒருத்தி.

"அவளுக்கு ராஜா வளையல் போட்டிருப்பான். தூக்கிக் குடுத்திருப்பா" என்றார் பாய்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சல்லடைச் சத்தம் நின்றது.

சோம்வதி நடந்து வந்தாள். வேகமாக வரவில்லை. சட்டி எடுக்க வருகிற மாதிரிதான் வந்தாள். குழி ஓரத்தில் நின்றாள்.

"கொல்லல சார்."

"என்னம்மா?"

"யாரும் கொல்லல. மஞ்சக்காமாலை. வெயில்ல போட்டா சரியாயிடும்னாங்க. மழைக்காலம், வெயிலே வரல."

கையை விரித்தாள்.

இஷிதா மேலே ஏறி வந்து அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார், இது பிரசவ ஆஸ்பத்திரியில போடுற கிளிப்" என்றாள். ஜமீல் பாய் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார். அண்ணி முறை வைத்துச் சோம்வதியை "பாபி" என்றார். அந்த வாய் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"யார் வெச்சது?" என்று கேட்டார் சார்.

"நான் சார்."

"எப்ப?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"பானை?"

"அது அங்கயே இருந்துச்சு."

"நீ வைக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"மண்ணு சார்."

"வேற எதுவும் இல்லையா? மணி, தானியம், ஏதாவது?"

"பாக்கல சார்."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் என்னைப் போலீசில் கொடுத்திருக்கலாம், வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "எடுத்த போட்டோவை அழிச்சுடு, இஷிதா" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல், "எடுத்துக்குங்க. பானையை மட்டும் உடைச்சுடாதீங்க" என்றார்.

"ஆத்துக்குக் கொண்டுபோறேன்" என்றேன்.

"ஆறு வேணாம்" என்றாள் சோம்வதி.

"இங்கயே, அந்தப் பக்கம் தள்ளி வெச்சிடலாம்" என்றேன்.

இஷிதா தயங்கினாள். "அடுத்த வருஷம் இந்தச் சரிவு முழுக்கத் தோண்டுறோம் அண்ணா."

சுற்றி நின்ற பெண்கள் அதைக் கேட்டார்கள். அவர்களில் பலருக்கும் அந்தச் சரிவில் ஒரு குழந்தை உண்டு. சரிவைப் பார்த்தார்கள்.

சோம்வதி வேலியோரத்து மேட்டைக் காட்டினாள். "அதைத் தோண்டுவீங்களா?"

"எது? அது நாம சலிச்சுக் கொட்டுன மண்ணு. அதுல என்ன இருக்கு? அதை யாரும் தோண்ட மாட்டாங்க."

"எப்பவும்?"

"எப்பவும்."

அவளே குழிக்குள் இறங்கினாள். இஷிதா பிரஷ்ஷை நீட்டினாள், இவள் வாங்கவில்லை. விரலாலேயே ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் வைத்தாள். வைக்க அதிக நேரம் ஆகவில்லை. மேலே ஒரு கை மண்ணைப் பரப்பினாள். சும்மாட்டைத் தலையில் வைத்து, சட்டியைத் தூக்கி அதன் மேல் ஏற்றிக்கொண்டு, எப்போதும் போகிற தடத்திலேயே நடந்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சலித்த மண் வெட்ட மிருதுவாக இருந்தது. ஒரு கல் கூட இடறவில்லை.

"இன்னும் ஆழமா" என்றாள்.

வெட்டினேன். அவள் சட்டியைச் சாய்த்தாள். அப்போது ஜமீல் பாய் டீக்கடையிலிருந்து வந்தார். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு நிற்காமல் திரும்பிப் போனார். பிரித்தால் உப்பு. போட்டேன். மண்ணைத் தள்ளினேன். அதற்குள் மண் சுமக்கிற பெண்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். முதலில் வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள். சோம்வதி தலையசைத்தாள். அவள் சட்டியை அந்த இடத்தின் மேலேயே கவிழ்த்துவிட்டுப் போனாள். அடுத்தவளும் அங்கேயே கவிழ்த்தாள்.

"போய்ச் சாப்ட்டுட்டுத் தூங்குங்க" என்றாள் சோம்வதி. காலிச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சல்லடைக்குப் போனாள்.

நான் வீட்டுக்குப் போனேன். ரொட்டி ஆறியிருந்தது. தின்றேன். தூங்கினேன், கனவு ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் கதவில் அவள் நின்றிருந்தாள். சாவியைக் கொடுத்தேன்.

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"மேடம் அந்தக் கிளிப்பைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. வேணாம்னுட்டேன்." முந்தானையில் சாவியை முடிந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி முடிந்தாள். "பானையை எடுத்துட்டாங்க. நாலு பேர் சேந்து தூக்கினாங்க."

"ம்."

"கெட்டியான பானைங்க."

"ஆமா."

அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை புஷ்பா காய்ச்சலோடு வேலைக்கு வந்துவிட்டாள். சல்லடை எனக்குத்தான் என்றாள். அவளுக்கு முன்னால் வேறு நாலு பெண்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தி பக்கத்து ஊர்க்காரி. ஒருத்தரை ஒருத்தர் தள்ளவில்லை, சண்டை போடவில்லை. நின்றார்கள். ஜமீல் பாய் வந்து பார்த்தார். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். ஏன் என்று சக்சேனா சார் கேட்கவில்லை.

சோம்வதி முறைக்குப் பெயர் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு மண் சுமக்கப் போனாள்.